பொன்னாடைப் பணிநீக்கம்

எரியோடு ஊர் அணியிடம் எங்கள் கால்பந்துக் கழகம் ஐந்து கோல் வாங்கித் தோற்றதும், நாகரிகமான நாடுகளில் செய்வதைப் போலவே, பயிற்சியாளரை நீக்குவதென்று ஏகமனதாக முடிவானது. கோல்களை விட்டவர் கோல்கீப்பர்தான். ஆனால் அவர் தலைவர் நாச்சிமுத்துவின் மைத்துனர். ஆகவே குற்றம் பயிற்சியாளர் சூசைமாணிக்கத்தினுடையது.

கழகச் செயலாளர் என் வீட்டுக்காரர் என்பதால் கூட்டம் எங்கள் ஹாலில். காபி என் உபயம்.

"சும்மா தூக்கிர முடியாதுண்ணே," என்றார் வக்கீல் ஹாமித். "நோட்டீஸ், விசாரணை, அம்புட்டும் நடத்தணும். லேபர் கோர்ட்டுக்குப் போனாருன்னா நாறிப்போகும்."

"அப்ப அவரா போகணும்," என்றார் தலைவர்.

"பணிநிறைவு விழா வைங்க. நாலு பேர் முன்னாடி பொன்னாடைய வாங்கிட்டாருன்னா ஓய்வுக்குச் சம்மதிச்சதா அர்த்தம்."

"நம்மூர்ல எவன் பொன்னாடைய வேணாங்குறான்!" தலைவர் தொடையைத் தட்டினார்.

"அவர் மகளை இப்பத்தானே காலேஜ்ல சேர்த்திருக்காரு?" என்றேன்.

"இது சட்டம். ஒனக்குப் புரியாது," என்றார் என்னவர். கான்வென்டில் எனக்குக் காபி ஆற்றத்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அவர் எண்ணம். அன்று மாலை சூசைமாணிக்கத்தின் மனைவியிடம் செத்த நேரம் போனில் பேசினேன். சமையல் குறிப்புதான்.

'ஓய்வறியா வீரருக்கு ஓய்வு' என்று ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ். பிரியாணி உண்டு என்பதால் விளையாட்டு ஆர்வலர்கள் திரண்டிருந்தார்கள். தலைவர் பொன்னாடையை விரித்ததும் சூசைமாணிக்கம் பதறி எழுந்தார்.

"தலைவர் இருக்கையில எனக்கு முதல் மரியாதையா? அடுக்குமா?"

பிடுங்கி, தலைவருக்கே போர்த்திவிட்டார். கைதட்டல் வானைப் பிளந்தது. தலைவர் பழக்கதோஷத்தில் கும்பிட்டும்விட்டார். பிறகுதான் முகம் வெளுத்தது.

"வக்கீலு, இது செல்லாதுல்ல?"

"நாலு பேர் பார்த்துட்டாங்களேண்ணே. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

தனியாக ஓய்வுபெற மனமில்லாத தலைவர், அதே பொன்னாடையைச் செயலாளர் தோளுக்கு மாற்றினார். அதற்கும் கைதட்டினார்கள். நானும்தான்.

இப்போது கழகத்தில் எவரையும் நீக்க எவருக்கும் அதிகாரமில்லை. சூசைமாணிக்கம் பணியில் நீடிக்கிறார். அணியும் தொய்வின்றித் தோற்கிறது.

ஓய்வுபெற்ற செயலாளர் என் அடுப்படிக்குப் பயிற்சியாளரானார். "கத்தரிக்கா வெஞ்சனத்துக்கு இம்புட்டு எண்ணெயா?" என்று தினமும் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் திருப்பிக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தபோது, என் வாயை அடைக்க, "இருபது வருஷமா சமைச்சுப் போடுறா, நாமளும் பாராட்டணும்ல?" என்று அந்தப் பொன்னாடையை எனக்கே போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

திங்கள்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் காபி கிடையாது.