ஆறிப்போகும் உலகமும் செங்கமலத்தின் நாலு முட்டையும்

ஒரு காட்டில், மார்கழிக் குளிருக்கு மரங்கள்கூடத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்ற ஒரு வாரத்தில், செங்கமலம் என்கிற காட்டுக்கோழி நாலு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. கூடு என்று தனியாக ஒன்றும் இல்லை. மலை பார்க்க வந்த எவனோ மறந்துவிட்டுப் போன ஹெல்மெட்தான் கூடு. உள்ளே மெத்தை வைத்துத் தைத்தது. அப்படியொரு வீடு சிங்கராஜாவுக்கே கிடையாது.

அன்றைக்குப் பதினேழாம் நாள். கோழிக்கு இருபத்தொரு நாள் கணக்கு. இன்னும் நாலு நாள் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் நாலு குஞ்சு. நடுவில் ஆறிவிட்டால் நாலும் கூமுட்டை.

இந்த நேரம் பார்த்துத்தானா ஆந்தைக்கு ஞானம் வரவேண்டும்? வனக்காவலர் குடிசைக் கூரையில் உட்கார்ந்து ரேடியோ கேட்பது அதற்குப் பழக்கம். அன்று சாயங்காலம் பறந்து வந்து வேங்கை மரத்தில் உட்கார்ந்து, "எல்லாரும் வாங்க, உலகம் முடியப் போகுது" என்றது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். செங்கமலம் இருந்த இடத்திலிருந்தே கழுத்தை மட்டும் நீட்டியது. ஆந்தை ரேடியோவில் கேட்டதை எடுத்துவிட்டது.

"சூடு இருக்கிற இடத்திலேருந்து இல்லாத இடத்துக்குப் போகும். போனது தானாத் திரும்பாது. கொதிக்கிற கஞ்சி ஆறும். ஆறின கஞ்சி தானாக் கொதிச்சு யாராவது பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"அதேதான். சூரியனும் ஆறும், நட்சத்திரமும் ஆறும், நீங்களும் ஆறுவீங்க. கடைசியில வானம் பூமி எல்லாம் ஒரே பதத்துல ஆறின கஞ்சி. அப்புறம் ஒரு இலை அசையாது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்னு இருந்தாத்தானே ஏதாவது நடக்கும்?"

"அது என்னைக்கு?" என்று அணில் கேட்டது.

"ஒண்ணைப் போட்டு, பக்கத்துல நூறு சைபர் போட்டுக்கோ. அத்தனை வருஷம்."

"அப்ப இந்தப் பொங்கல் உண்டா?"

"உண்டு."

அணிலுக்கு அது போதும். போய்விட்டது. மற்றவர்களுக்கு நூறு சைபர் என்றால் எவ்வளவு என்று தெரியாததால், நாளை மறுநாள் என்றே நினைத்து நடுங்கினார்கள்.

காட்டின் தலைமைக் குமாஸ்தா நரி மட்டும் நடுங்கவில்லை. சிங்கராஜாவின் காதில் குனிந்து ஏதோ சொன்னது. மறுநாள் காலை உத்தரவு வந்துவிட்டது. உலகத்தில் சூடு தீர்ந்துகொண்டே வருவதால், தன் உடம்புச் சூட்டை இன்னொருவருக்குக் கொடுப்பவர்கள் அனைவரும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அடைகாக்கவும் சீட்டு, குட்டியை அணைத்துப் படுக்கவும் சீட்டு. சீட்டில்லாமல் அடைகாத்தால் முட்டை பறிமுதல். விண்ணப்பித்து வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும், முறை வரும்வரை விலக்கு.

பறிமுதலான முட்டை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. நரியின் மீசையில் மஞ்சள் கரு காய்ந்திருந்ததைப் பார்த்தவர்களும் கேட்கவில்லை.

செங்கமலம் கணக்குப் போட்டுப் பார்த்தது. வரிசைக்குப் போனால் முட்டை ஆறிவிடும். போகாவிட்டால் முட்டையே இருக்காது. அந்த வழியாக ஒரு காட்டெருமை வந்தது.

"எருமையண்ணே, எங்கே போறீங்க?"

"சீட்டு வாங்கத்தான். என் கன்னுக்குட்டி என் மேல சாஞ்சு படுக்குமில்ல, அதுக்கும் வேணுமாம்."

"என்னையும் கூட்டிட்டுப் போங்களேன். எறங்கி நடக்க முடியாது. முட்டை இருக்கு."

எருமை யோசித்துப் பார்த்துவிட்டு, ஹெல்மெட் வாரைக் கொம்பில் மாட்டிக்கொண்டது. உள்ளே முட்டை, முட்டை மேல் கோழி. காடே வேடிக்கை பார்த்தது. "என்ன செங்கமலம், பல்லக்கா?" என்று குரங்குகள் கிண்டல் பண்ணின. "ஆமா, உங்களுக்குத்தான் வால் இருக்கே, சாமரம் வீசுறது!" என்று பதில் சொல்லிவிட்டு அது இறக்கையை இன்னும் இறுக்கிக்கொண்டது.

பட்டுப்போன ஒரு இலவமரப் பொந்துதான் அலுவலகம். பொந்துக்குமேல் பலகை: 'இடைவெளி விடாமல் நிற்கவும்.' எருமைக்கு முன்னால் மூன்று பேர்தான்; பின்னால் சாயங்காலத்துக்குள் வரிசை ஓடை வரைக்கும் நீண்டுவிட்டது. எருமை ஹெல்மெட்டைத் தன் பின்னங்காலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தது. அதற்குப் பின்னால் கரடி வந்து நின்றது.

"இடிக்காதீங்க கரடியாரே."

"நான் எங்கம்மா இடிக்கிறேன்? எனக்குப் பின்னால முள்ளம்பன்றி. நான் பின்னால சாயவும் முடியாது, நேரா நிக்கவும் முடியாது. என் கஷ்டம் எனக்கு."

நரி காலையில் ஒருவருக்குச் சீட்டு எழுதும். மத்தியானம் தூங்கும். சாயங்காலம் பேனாவைத் தேடும். அன்று வரிசை நாலு அடி நகர்ந்தது.

ராத்திரி பனி கொட்டியது. ஆனால் செங்கமலத்துக்குக் குளிரவில்லை. முன்னால் எருமை தலையைத் திருப்பி மூச்சு விட்டால் அடுப்புப் புகை மாதிரி வருகிறது. பின்னால் கரடி வயிறு, கம்பளி மூட்டை. விடிகாலையில் தண்ணீர் குடிக்க இறங்கிப் போய், பதறி ஓடி வந்து முட்டையைத் தொட்டுப் பார்த்தால், அது இருந்த சூடு அப்படியே இருக்கிறது. செங்கமலம் வாழ்நாளில் முதல்தடவையாக, அடைகாக்கும்போது இரை தேடி வயிறு நிறையத் தின்றது.

இருபதாம் நாள் காலை வரிசை பொந்துக்குப் பக்கத்தில் வந்தது. எருமைக்கு முன்னால் ஒரு கௌதாரி மட்டும்.

"முட்டை எங்கேம்மா?" என்றது நரி.

"எதுக்குங்க ஐயா?"

"அசல் வேணுமில்ல? நகல் செல்லாது. உள்ளே வச்சுட்டுப் போ, சரிபார்த்து அனுப்புறோம்."

கௌதாரி அலகில் சீட்டோடு, முட்டை இல்லாமல் திரும்பி நடந்தது. பொந்துக்குள்ளே 'சளக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"எருமையண்ணே," செங்கமலம் மெதுவாகச் சொன்னது, "என்னைத் தூக்கிட்டுப் போய் வரிசைக் கடைசியில விட்ருங்க."

"மூணு நாளா கால்கடுக்க நின்னு, ஜன்னல் வரைக்கும் வந்துட்டா?"

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாளைக்கு ஒரு நாள்தான்."

எருமைக்குப் பாதி புரிந்தது. மீதி புரியாவிட்டாலும் தூக்கிக்கொண்டு நடந்தது.

அந்தக் காட்டில் அன்றுவரை யாரும் முன்னால் வந்த இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் எல்லாருக்கும் சந்தேகம்.

"ஜன்னலைத் தொட்டவங்க திரும்பிப் போறாங்கன்னா சும்மாவா? பின்னால ஏதோ விசேஷம்" என்றது கரடி.

"வேற ஜன்னல் திறந்திருக்காங்களோ?" என்றது முள்ளம்பன்றி.

கரடி பின்னால் ஓடியது. கரடி ஓடியதைப் பார்த்து முள்ளம்பன்றி, அதைப் பார்த்து மிளா மான், மானைப் பார்த்து முயல்கள். வரிசையில் யார் முதல் ஆளாக வந்தாலும், அவரும் கடைசிக்கு ஓடினார். கடைசியில் வரிசைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒரே உருண்டை. நட்டநடுவில் ஹெல்மெட்.

"அடுத்து!" என்று நரி கத்தியது. யாரும் வரவில்லை. "அடுத்து!" காற்றுதான் வந்தது, அதுவும் குளிர்ந்த காற்று.

இருபத்தொன்றாம் நாள் காலை எருமை திடீரென்று காதை ஆட்டியது. "தங்கச்சி, உள்ளே யாரோ கதவு தட்டுறாங்க." ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் ஈரத்தலையோடு வெளியே வந்து, நேரே கரடியின் ரோமத்துக்குள் புகுந்துகொண்டன. கரடி கூச்சத்தில் நெளிந்தது.

ஆந்தை மேலே வட்டமிட்டு, "பாத்தீங்களா? நான் சொன்ன விதிதான்! எருமைச் சூடு முட்டைக்குப் போச்சு. இனி எருமைக்குத் திரும்பாது!" என்றது.

"போற வழியில நாலு பிள்ளையப் பெத்துட்டுத்தானே போகுது? போகட்டும்" என்றது செங்கமலம்.

நரி சத்தம் கேட்டு ஓடி வந்தது. "எங்கே முட்டை?"

"எந்த முட்டைங்க ஐயா? இவங்க நாலு பேரும் விண்ணப்பதாரர்கள். வரிசையில நிக்கிறாங்க."

நரி உத்தரவை எடுத்து முன்னும் பின்னும் படித்தது. அதுவே எழுதியதுதான். ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பிப் போகலாம் என்றால், மூன்று நாளாகத் தனியாகப் பொந்தில் உட்கார்ந்து அதற்குப் பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எருமைப் பக்கத்தில் வந்து நின்றது. எருமை கொம்பை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

அன்றோடு அலுவலகம் மூடியாயிற்று. வரிசை கலையவில்லை. வெயில் ஏறும்போது மேய்ந்துவிட்டு, பனி இறங்கும்போது எல்லாரும் வந்து நின்றார்கள். ஒருநாள் வடக்குக் காட்டிலிருந்து யானை ஒன்று வந்தது.

"இது எதுக்கு வரிசை?"

"தெரியலை," என்றது செங்கமலம். "ஆனா நீங்க நல்ல அகலமா இருக்கீங்க. இப்படி வடக்குப் பக்கமா நில்லுங்க."

நீதி: உலகம் ஒருநாள் ஆறிப்போகும் என்பது நிச்சயம். அதுவரை வரிசையில் நில், தப்பித்தவறிக்கூட முன்னேறிவிடாதே.