ஆறாவது மாடிச் சிகரம்

ஓய்வூதிய அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தது. ஓய்வு பெற்றவர்களை வருடத்துக்கு ஒரு முறை அங்கே வரவழைத்து, உயிரோடு இருக்கிறார்களா என்று நேரில் பார்ப்பது அதன் தலையாய பணி. வந்தவர் இருக்கிறார், வராதவர் இல்லை. லிஃப்ட் பழுதாகும் வரை இந்த முறையில் யாரும் குறை கண்டதில்லை.

லிஃப்டைச் சரி செய்வது பற்றிய கோப்பு தலைமை எழுத்தரின் மேசையில் நெடுங்காலமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அவர் கெட்டவர் அல்ல. ஐம்பதைத் தாண்டியவர். படுக்கப் போகும்போது 'இன்றைக்கு யாருக்காவது உபயோகமாக இருந்தேனா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் வருவதற்குள் தூங்கிவிடுகிறவர்.

அந்தச் சமயத்தில்தான் ஆணையர் ஒரு படம் பார்த்தார்.

பனிமலை ஏறப் போன ஒரு குழுவின் கதை. புயல் அடிக்கிறது, கயிறு அறுகிறது, சாப்பாடு தீர்கிறது. கடைசியில், கால்விரல்களைப் பனிக்குப் பறிகொடுத்த ஒருவர் உச்சியில் நின்று அழுகிறார். ஆணையரும் அழுதார். தனியாக அழுதால் போதாது என்று மறுநாள் வேலை நேரத்தில் மொத்த அலுவலகத்தையும் அழைத்துப் போய் அழ வைத்தார். சன்னல் முன்னால் காத்திருந்த பொதுமக்களுக்கு 'அலுவல் நிமித்தம் வெளியே' என்று பலகை மாட்டப்பட்டது.

எல்லோரையும் விட அதிகமாக அழுதவர் தலைமை எழுத்தர். 'இத்தனை வருஷத்தில் நான் எதில் ஏறியிருக்கிறேன்?' என்று இருட்டில் யோசித்தார். ஒரே ஒரு பதவி உயர்வு. அதுவும் மேலே இருந்தவர் மாரடைப்பில் போனதால் வந்தது.

அதற்கப்புறம் அலுவலகம் பழைய அலுவலகமாக இல்லை. வியர்த்துக் கொட்டுகிற வெயிலில் கணக்கர் பஞ்சு வைத்த மேல்சட்டையோடு வந்தார். தட்டச்சுப் பெண்மணி சாப்பாட்டுப் பையை மலையேறிகள் மாட்டும் கொக்கியில் மாட்டிக்கொண்டார். தேநீர் குடிக்கப் போகிறவர்கள் "இறங்குகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்ததும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

லிஃப்ட் கோப்பும் ஒரு வழியாக நகர்ந்தது. 'லிஃப்ட் மனவுறுதியைக் குலைக்கும் சாதனம். கோப்பை முடிக்கலாம்' என்று ஆணையர் எழுதினார். அதை ஆணையாக வடிக்கும் பொறுப்பு தலைமை எழுத்தருக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ரசித்து ஒரு ஆணை எழுதினார். தரைத்தளம் இனி அடிவாரம். இரண்டாவது மாடி முதல் முகாம். நாலாவது மாடி கடைசி முகாம். ஆறாவது மாடி சிகரம். உயிரோடிருப்பது சிகரத்தில் மட்டுமே சரிபார்க்கப்படும். கூடவே, சுவர்களில் எழுதுவதற்கு ஒரு வாசகமும் தந்தார்: 'விழுவது தோல்வி அல்ல, லிஃப்டைத் தேடுவதே தோல்வி.'

பயணத் தலைவர் அடிவாரத்திலிருந்துதான் வழிநடத்துவார் என்று படத்தில் காட்டியிருந்ததால், ஆணையர் தம் அறையைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். புதிதாக வாங்கிய ஆக்சிஜன் உருளையும் பாதுகாப்புக் கருதி அவருடைய சோபாவுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. மேலே இருப்பவர்களோடு பேச அவர் கையில் ஒரு வாக்கி டாக்கி இருந்தது.

சரிபார்ப்பின் கடைசி நாள், அலுவலகம் மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது தலைமை எழுத்தரின் தொலைபேசி அடித்தது. அக்கா.

"டேய், உன் ஆபீஸ் எங்கடா இருக்கு, மேலோகத்துலயா?"

"நீ எங்கக்கா இருக்க?"

"நாலாவது மாடி. உக்காந்துட்டேன்."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா."

"உக்காந்ததுதான்டா தப்பாப் போச்சு. எந்திரிக்க முடியல."

அத்தான் விட்டுப்போன பென்ஷனில்தான் அக்காவின் வாடகையும் மருந்தும் ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கு அவள் மேலே வராவிட்டால் அலுவலகக் கணக்கில் காலமாகிவிடுவாள். செத்தவளுக்குப் பென்ஷன் கிடையாது. பென்ஷன் இல்லாத அக்கா தம்பி வீட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கே ஒரே சமையலறை. அதில் அவர் மனைவி இருக்கிறாள். அந்த மலையில் படத்தில் வந்த குழுகூட ஏறத் துணியாது.

அவர் ஓடி இறங்கினார். நாலாவது மாடி நடையில் வரிசையாகக் கிழவர்களும் கிழவிகளும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு. பக்கத்தில், இதே இலாகாவில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்.

"வாடா. என்னைப் பாத்துட்ட இல்ல? இருக்கேன்ல? எழுதிக்கோ, நான் கிளம்பறேன்."

"இங்க பாத்தா செல்லாதுக்கா."

"நாலாவது மாடில இருக்கிறவ ஆறாவது மாடில இருக்க மாட்டேனா?"

"ஏறினதுக்கு அப்புறமும் இருப்பியாங்கறதுதானேக்கா சந்தேகம்."

ஜீப் ஓட்டியவர், "அது நியாயம்தான்" என்றார்.

அக்கா எதிர்ச்சுவரில் இருந்த வாசகத்தைக் காட்டினாள். "இதை எவன்டா எழுதினான்?"

"மேலேர்ந்து வந்துச்சுக்கா" என்றார் தலைமை எழுத்தர். அவர் உட்காருவது ஆறாவது மாடி என்பதால் அது பொய்யில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அங்கிருந்த முகாம் காவலாளியின் வாக்கி டாக்கியை வாங்கி ஆணையரை அழைத்தார்.

"ஐயா, கடைசி முகாம்ல பல பேர் மாட்டிக்கிட்டாங்க. நாற்காலியில வச்சுத் தூக்கலாங்களா?"

ஆணையர் படத்தை நினைவுபடுத்திக்கொண்டார். "படத்துல காயம்பட்டவரைத் தூக்கினாங்க இல்ல?"

"தூக்கினாங்கய்யா."

"எத்தனை பேரை?"

"ஒருத்தரைங்க."

"அப்ப ஒருத்தரைத் தூக்குங்க. மத்தவங்க முன்னேறட்டும்."

தலைமை எழுத்தர் வரிசையைப் பார்த்தார். மூச்சு வாங்குகிறவர் இருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இருந்தார். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்த ஓர் அம்மாள் இருந்தார். நடுநிலையோடுதான் பார்த்தார். அக்காவைத்தான் தூக்க வேண்டியிருந்தது.

இரண்டு காவலாளிகள் நாற்காலியைத் தூக்கினார்கள். பின்னால் முதுகைத் தாங்கிக்கொண்டு அவர் ஏறினார். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது, "பாத்துடா, எங்கேயாவது உருட்டிவிட்டுடாத" என்றாள் அக்கா. "உருண்டு நாலாவது மாடில விழுந்தா மறுபடியும் முதல்லேர்ந்தா?"

"ஆமாக்கா."

சிகரத்தை அடைந்ததும் அவர் தம் இருக்கையில் போய் உட்கார்ந்தார். மூச்சிரைப்பு அடங்கும் வரை காத்திருந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"என்னடா புதுசா நீங்க?"

"வாயால சொல்லணுங்க."

"இருக்கேன்."

பதிவு செய்தார். அக்காவின் சேலையில் 'சிகரம் தொட்டவர்' என்ற வில்லையைக் குத்தினார். அக்கா அதைக் குனிந்து பார்த்தாள். கழற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் கொஞ்சம் கோணலாக இருந்ததை நேராக்கிக்கொண்டாள்.

"ஒரு போட்டோ எடுடா" என்றாள்.

எடுத்தார். மணியும் அடித்தது. சரிபார்ப்பு முடிந்தது.

இறங்கும்போதும் காவலாளிகள்தான் தூக்கினார்கள். மீட்கப்பட்டவரைத் திரும்ப நடக்க விட்டதாகப் படத்தில் இல்லை. அக்காவின் செருப்பையும் பையையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். நாலாவது மாடியில் வரிசை அப்படியே இருந்தது. மணி அடித்ததைக் கேட்டிருப்பார்கள். இன்றிலிருந்து தாங்கள் இல்லாதவர்கள் என்பதற்குப் பழகிக்கொண்டிருந்தார்கள் போலிருந்தது.

ஜீப் ஓட்டியவர் மட்டும் வில்லையைப் பார்த்து, "மேல எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அக்கா கையைக் காட்டி நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். காவலாளிகள் அவளைத் தூக்கியபடியே நின்றார்கள்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்லைங்க" என்றாள் அங்கிருந்தபடியே. "மனசு வேணும். அவ்வளவுதான்."

ஜீப் ஓட்டியவர் தம் முழங்காலைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், "நமக்கு அது போதல" என்றார். பக்கத்தில் இருந்தவர் ஒத்துக்கொண்டார். வரிசை முழுவதும் தலைகள் மெல்ல அசைந்தன.

தலைமை எழுத்தர் மறுத்துச் சொல்ல வாய் திறந்தார். இரண்டு மாடி இறங்கியதில் மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. ஆமோதித்துத்தான் பேசாமல் நிற்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சற்று நேரம் கழித்து அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.