தளவாய்க்கு வலி சுழியம்

மருத்துவ வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்தாக வேண்டும்: பேராசிரியர் தில்லைநாயகம் வார்டுக்குள் நுழைவதற்கு முன், நுழைந்த பின்.

குடல்வால் அழற்சியோடு வருகிறவர்களுக்கு, மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் வலியும் வீக்கமும் தணியுமா? இதுவே அவருடைய ஆராய்ச்சி. திருநெல்வேலியிலிருந்து உலகத்துக்குப் போகவேண்டிய உண்மை. வழியில் தளவாயின் வயிறு இருந்தது.

களக்காட்டில் வாழைத்தார் சுமக்கும் தளவாய், பேராசிரியரின் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். முடியாமல், படுத்தபடியே கும்பிட்டார்.

“வலி பத்துக்கு எத்தனை வே?” முகக்கவசத்துக்குள்ளிருந்து பேராசிரியர் கேட்டார்.

“ஐயா எனக்காண்டி இம்புட்டுத் தூரம் வந்திருக்கீய. வலியெல்லாம் ஒண்ணுமில்லய்யா.”

“எண்ணாச் சொல்லும். ஆராய்ச்சிக்கு வேணும்.”

“ஐயாவே பாத்து ஒண்ணு போட்டுக்கிடுங்க.”

அவர் மனைவி முப்பிடாதி பொங்கிவிட்டாள். “ஏன் பொய் சொல்லுதீய? வரும்போது ஆட்டோக்காரன் சட்டையக் கடிச்சீயளே!”

“சும்மா இருளா. பெரியவிய கேக்காவ.”

பேராசிரியர் ‘சுழியம்’ என்று பதிந்தார். மகிழ்ச்சியில் கண் கலங்கியது. என்ன மருந்து! இன்னும் ஏற்றவே தொடங்கவில்லை, அதற்குள் வேலை செய்கிறது.

“அறுவையை நாளைக்கு வச்சுக்கலாம்” என்றார்.

உதவி மருத்துவர் சுப்ரஜா தளவாயின் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். “சார், கொஞ்சம் வெளிய நிக்கீங்களா?”

வெளியே நின்றார். உள்ளே அவள் வயிற்றில் விரல் வைத்ததும் எழுந்த அலறலில் வராந்தாப் புறாக்கள் பறந்தன. பேராசிரியர் பதறி உள்ளே வந்தார். அலறல் பாதியில் நின்றது, கைகள் குவிந்தன. வெளியே போனார். மீதி அலறலும் வந்தது. விஞ்ஞானி அல்லவா, இன்னொரு முறையும் போய்வந்து சரிபார்த்தார். முடிவு மாறவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வயிற்றைத் திறந்தார்கள். குடல்வால் வெடித்து, உள்ளே சீழ். தளவாய் பிழைத்தது நூலிழையில்.

கை கழுவும்போது பேராசிரியர் மெல்லக் கேட்டார்: “இதுக்கு முன்ன சுழியம்னு சொன்னவங்க எல்லாம்...?”

சுப்ரஜா குழாயை மூடினாள்.

மறுநாள் பேராசிரியர் கோட்டைக் கழற்றினார். முகக்கவசத்தையும் கழற்றினார். கசங்கிய சட்டையோடு தளவாயின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கு வே?”

தளவாய் கும்பிடவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்.

“உசிரு போவுது அண்ணாச்சி. பத்துக்குப் பதினஞ்சு இருக்கும்.” சட்டென்று வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பெரிய டாக்டருட்ட மட்டும் சொல்லிராதீய. நல்ல மனுசன். நமக்கு வலிக்குன்னு தெரிஞ்சா, பாவம், அவரு ஆராய்ச்சி கெட்டுப்போவும்.”