எத்தீம் காக்காவும் காணாமல்போன பெட்டியும்

கல்முனைக்குடியில் ஒரே காலையில் முப்பது பேரைச் சாவுச் செய்திக்குச் சொல்லும் "இன்னா லில்லாஹி" சொல்லவைத்துவிட்டு, நிம்மதியாகப் பிளேன்டீ குடிக்கக்கூடிய ஒரே மனிதர் எத்தீம் காக்காதான்.

தேத்தண்ணிக் கடைக்குள் நுழையும்போதே அறிவிப்பார்: "இண்டைக்கு விடிய ஒரு எத்தீம்!"

"யா அல்லாஹ்! புள்ளைய எத்தீமாக்கிட்டு மௌத்தானது ஆரு காக்கா?"

"ஆருமில்ல. பெட்டி."

பெட்டி என்றதும் பிரேதம் தூக்கும் சந்தூக்கு என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் எழும்பிவிடுவார்கள்.

அவர் ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். தொழில் போட்டோக்கொப்பிக் கடை. பைத்தியம், கிரிப்டோ என்கிற இன்டர்நெட் காசு. கையில் ஒரு சதத்துக்கும் அந்தக் காசு கிடையாது. அதன் சங்கிலியில் எந்தப் பெட்டி கழன்று விழுகிறது என்று பார்த்து எழுதிவைப்பதோடு சரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்கே விளங்கும்படி ஒருநாள் சொன்னார்:

"காசு அனுப்பின விபரமெல்லாத்தையும் பெட்டி பெட்டியா அடைச்சி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கொழுவுறாங்க தம்பி. சில நேரம் ரெண்டு பேர் ஒரே நேரத்துல பெட்டி கொண்டு வந்திருவாங்க. ரெண்டு ஊர்ல ரெண்டு பிறை கண்டமாதிரி. கொஞ்ச நேரத்துக்கு ரெண்டு பெருநாள். பிறகு எந்தச் சங்கிலி நீளமோ, எல்லாரும் அதுக்குப் போயிருவாங்க. மத்தப் பெட்டி தனிச்சிப் போகும். பாவம், எத்தீம்."

பெற்றவர் இல்லாத பிள்ளைக்கு நாங்கள் சொல்லும் சொல் அது. அதைத் தூக்கிப் பெட்டிக்கு வைத்தால் ஊர் என்ன செய்யும்? நோன்பு மாதத்தில் ஒரு ராத்தா புது உடுப்புப் பார்சலோடு கடைக்கு வந்துவிட்டார்.

"எத்தனை எத்தீம் இரிக்கி மனே?"

"இந்த மாசம் பதினொண்டு ராத்தா. ஆனா உடுப்புப் போடாதுகள்."

"அல்லாஹ்வே! இவ்வளவு நாளும் உடுப்பில்லாமயா வெச்சிருக்கீங்க?"

நானும் சிரித்தேன், உம்மாவின் கண் அப்படி ஒரு பெட்டிக்குள் அகப்படும்வரை. கண் ஒப்பரேசனுக்கு மறுநாள் காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் திகதி போய்விடும். டோகாவிலிருக்கும் தம்பி அவசரத்துக்கு அந்த இன்டர்நெட் காசில் அனுப்பினான். போனில் 'வந்தது' என்று காட்டியது. உம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இல்லை!

சாரனை மடித்துக்கொண்டு ஓடினேன். காக்கா கொம்பியூட்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! எத்தீமாயிட்டு!"

நான் அப்படியே வாங்குப் பலகையில் குந்திவிட்டேன். "உம்மாட காசா?"

"சேச்சே, பெட்டிதான். உள்ளுக்க இருந்த காசுக்கு ஒண்டுமில்ல. பஸ் உடைஞ்சா ஆக்கள் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறல்லையா?"

"அடுத்த பஸ் வராட்டி?"

"வரும்."

"நிறைஞ்சி வந்தா?"

"கல்முனை பஸ்ல எப்ப தம்பி இடமில்லெண்டு ஏத்தாம உட்டிரிக்காங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டரைப் பாதி இறக்கினார். சோதனை வினாத்தாள் கொப்பியெடுக்க வந்த வாத்தியாரையே "மௌத்து வீடு சேர், நாளைக்கு வாங்க" என்று திருப்பியனுப்பினார். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஏறிட்டு!" என்றார் திடீரென்று.

நான் துள்ளியெழும்பினேன்.

"இரிங்க. காசு ஏறின பெட்டிக்குப் பின்னால இன்னும் அஞ்சு பெட்டி சேரணும். அதுக்குப் பிறகு ஆரும் அசைக்கேலா."

ஒவ்வொரு பெட்டி சேரும்போதும் விரலை மடக்கினார். நான்காவது பிந்தியபோது நான் வேர்த்து வடிந்தேன். விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். அஞ்சும் சேர்ந்ததும், "உம்மாட்ட போய்ச் சொல்லுங்க, இனிப் பயமில்ல" என்றார். மடக்கிய விரல்களை விரிக்க அவர் மறந்தே போனார்.

ஒப்பரேசன் முடிந்து கண் கட்டு அவிழ்த்த கிழமை உம்மா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டா. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண் மங்கின நாளில தெருவில உங்கட குரலைக் கேட்டு ஆள் தடிப்பெண்டு நினைச்சன். சாப்பிடுறல்லையா மனே?" என்றா. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் அவருக்குச் சோறு எங்கள் வீட்டில்தான். பத்து நிமிடம் பிந்தினாலும் கேட்டடியில் போய் நின்று தெருவைப் பார்ப்பது உம்மா இல்லை, நான்.