கவலையுற்ற மாடுகளின் குருதியழுத்தம்

மாடுகளுக்கும் மனக்கவலை உண்டு என்பதை மனித குலத்தில் முதன்முதலாகக் கோப்பு எண் போட்டு ஒப்புக்கொண்ட அலுவலகம் எங்களுடையதுதான். குத்தாலத்திலிருந்து ஐந்து மைல் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் இருக்கிற கால்நடை மருந்தகம். ஆட்சி மாறுகிற வரைக்கும் அது மாட்டாஸ்பத்திரியாக இருந்தது. பிறகு பெயர்ப்பலகை மாறியது. ஓடு மாற்றுவதற்கான கோப்பு மேலிடத்தில் இருக்கிறது. நான் அங்கே கம்பவுண்டர், பெயர் உத்திராபதி. ஊசி போடுவதும் ஏடு எழுதுவதும் என் வேலை.

அந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வந்த வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஜெர்மன் மருந்து. கூடவே ஓர் ஆணை. "கவலையுற்ற விலங்குகளின் குருதியழுத்தத்திலும் மூச்சிலும் இம்மருந்து ஏற்படுத்தும் மாறுதல்களை ஆய்ந்து அறிக்கை அனுப்புக." மருந்துக்குத் தமிழ்ப் பெயர் வைக்காமல் ஊசியைத் தொடக்கூடாது என்று எங்கள் டாக்டர் குழந்தைராஜ் உறுதியாக இருந்தார். மூன்று கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் டீ, இரண்டாவதில் டீயும் வடையும், மூன்றாவதில் 'அமைதியூட்டி' என்ற பெயரும் கிடைத்தன. தலைமை வகித்தவர் மிராசுதார் அமிர்தலிங்கம். கால்நடை நலக் குழுவின் தலைவர் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? ஊரில் பாதிக் கால்நடையும் முக்கால் நிலமும் அவருடையவை.

பெயர் கிடைத்துவிட்டது. கவலையுற்ற மாடுதான் கிடைக்கவில்லை. மிராசுதார் தொழுவத்தில் பன்னிரண்டு காளைகளுக்கும் வாலில் பட்டை கட்டிக் குருதியழுத்தம் பார்த்தோம். விலா ஏறி இறங்குவதை எண்ணினோம். நிமிடத்துக்கு இருபது மூச்சு. சாமியார்களுக்கே வராத நிதானம்.

"என்னங்க இது, ஒண்ணுக்குமே ஒரு கவலையும் இல்லையே?" டாக்டருக்கு அழுகை வராத குறை.

"நம்ம வீட்ல இருந்துக்கிட்டு அதுங்களுக்கு என்னங்க கவலை?" என்றார் மிராசுதார். "கவலைப்படற மாடு வேணும்னா மருதையன்கிட்ட போங்க. ஆளே கவலையாத்தான் இருப்பான்."

மருதையன் மிராசுதாரின் ஆறு மா நிலத்தைப் பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்குச் செய்கிறவன். ரசீது கிடையாது. மிராசுதார் குடும்பத்தில் நெல்லை அளந்து வாங்குவார்களே ஒழிய, எழுதிக் கொடுக்கிற கெட்ட பழக்கம் இல்லை. அரசு புதிதாகக் குத்தகைதாரர் பதிவேடு கொண்டுவந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மருதையனை யாரும் வயலிலிருந்து கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் மறுநாளே கிளம்ப வேண்டியதுதான். அவன் மனுப் போட்டான். 'மருதையன் என்றால் யாரென்றே தெரியாது, நானே பயிர் செய்கிறேன்' என்று மிராசுதாரும் மனுப் போட்டார். வியாழக்கிழமை தாசில்தார் நேரில் வந்து, அந்த வயலில் யார் மாடு ஏர் இழுக்கிறது என்று பார்த்து எழுதுவதாக ஏற்பாடு.

நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. மருதையன் அப்போதுதான் ஏரை அவிழ்த்திருந்தான். மாடுகளுக்குத் தொடை வரைக்கும் சேறு. மூச்சு, நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு! டாக்டர் மெய்சிலிர்த்துப் போனார்.

"உத்திராபதி, எழுதுங்க. கடுங்கவலை!"

ஏட்டில் 'ஆய்வு விலங்கின் நிலை' என்றொரு கட்டம் உண்டு. அதில் நான், 'மருதையன் தன் ஆறு மாவை உழுதுவிட்டு அவிழ்த்த நிலை. காலில் சேறு' என்று அவன் காதுபட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளபடி எழுதினேன். தேதி, மணி, டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆயிற்று.

ஆய்வு வியாழக்கிழமை என்று டாக்டர் அங்கேயே மருதையனிடம் சொன்னார். யோசனை மிராசுதாருடையது. அறிவியலில் அவருக்கு அவ்வளவு ஆர்வம்.

"வியாழக்கிழமை மட்டும் வேணாங்கய்யா," என்றான் மருதையன். "தாசில்தார் ஐயா வராங்க. வெள்ளிக்கிழமை எத்தனை ஊசி வேணும்னாலும் போட்டுக்குங்க. எனக்கே கூடப் போடுங்க."

"நீ ஆய்வு விலங்கு இல்லப்பா," என்றார் டாக்டர் கனிவாக. "ஒத்துழைக்கலன்னு நான் எழுதினா அது தாசில்தார் ஆபீசுக்குத்தான் போகும். வயல்லயே வச்சு ஒன்பது மணிக்கு ஊசி. அரை மணியில எழுந்துடும். அவரு வர்றதுக்குள்ள நீ ஏர் பூட்டிக்கலாம்."

வியாழக்கிழமை ஊசிக்கு முன்னால் எண்ணியபோது மூச்சு இருபத்து நாலுதான் இருந்தது. கவலை போதாது என்று செவ்வாய்க்கிழமைக் கணக்கையே வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஒன்பது மணிக்கு ஊசி போட்டேன். அளவெல்லாம் புத்தகத்தில் இருந்தபடி. புத்தகம் ஜெர்மன் மாட்டுக்கு எழுதியது. ஒரு ஜெர்மன் மாட்டை வைத்து மருதையன் மாடு இரண்டு செய்யலாம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மருந்தின் மகிமையை என்னவென்று சொல்வேன்! ஐந்தாவது நிமிடம் குருதியழுத்தம் இறங்கியது. பத்தாவது நிமிடம் மூச்சு பதினாறு, பிறகு பன்னிரண்டு. கால் மணியில் இரண்டும் முன்னங்காலை மடித்துச் சேற்றில் படுத்து, உலகத்தையே மன்னித்துவிட்ட முகத்தோடு கண்ணை மூடின.

பத்தரைக்கு ஜீப் வந்தபோதும் மூடிய கண் மூடியபடிதான் இருந்தது. மருதையன் கொம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். அவன் மனைவி தனபாக்கியம் வாலைப் பிடித்து முறுக்கப் போனாள்.

"ஏம்மா, வாலைத் தொடாதே!" டாக்டர் அலறினார். "வால்ல கருவி இருக்கு. அரசாங்கச் சொத்து!"

"அப்ப மாடு யாரு சொத்துங்க?" என்று கேட்டாள் தனபாக்கியம். அதற்கு ஏட்டில் கட்டம் இல்லை.

அதே வயலின் மறுகோடியில் மிராசுதாரின் காளைகள் ஏரில் பூட்டி நின்றன. மிராசுதார் சலவை வேட்டியோடு இறங்கி, மேழியை இரண்டு விரலால் பிடித்து நாலடி நடந்தார். தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

மருதையன் தன் ஏரிடம் போனான். நுகத்தடியின் ஒரு பக்கத்தைத் தன் தோளில் வைத்துக்கொண்டான். தனபாக்கியம் மறுபக்கத்துக்குத் தோள் கொடுத்தாள். இரண்டு பேரும் ஏரை இழுத்தார்கள். கொழு மண்ணைக் கிழித்துக்கொண்டு போனது.

"பார்க்க உருக்கமாத்தான் இருக்கு," என்றார் தாசில்தார். "ஆனா நமூனா படிவத்துல மாடுன்னுதான் இருக்கு. ஆளுன்னு இல்ல."

தனபாக்கியம் நுகத்தடியை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள். மூச்சிரைத்தது. "ஐயா, செவ்வாக்கிழமை நாங்க உழுதுட்டு ஏர் அவுத்தத நீங்கதானே நோட்டுல எழுதுனீங்க? சேத்தக்கூட எழுதுனீங்களே. அத இவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்கய்யா. அது போதும்."

"அப்படி எதாவது எழுதியிருக்கீங்களா, கம்பவுண்டர்?" தாசில்தார் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏடு என் கக்கத்தில் இருந்தது. டாக்டர் தூரத்தில் ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிராசுதார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டார் இருக்கிற திருக்காட்டுப்பள்ளிக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிய மனு, சிபாரிசுக் கையெழுத்துக்காக அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அது ஆய்வுக் குறிப்புங்க," என்றேன். "சென்னையில பார்க்கிறதுக்கு முன்னாடி வேற யாரும் பார்க்கக் கூடாதுங்க."

அப்படி ஒரு விதி கிடையாது. நின்ற இடத்திலேயே நான் செய்தது.

"விதின்னா விதிதான்," என்று நிம்மதியாக மூச்சுவிட்ட தாசில்தார், 'அமிர்தலிங்கம், சொந்தச் சாகுபடி' என்று எழுதினார். தனபாக்கியம் என் முகத்தையே பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நாலு மணிக்கு மாடுகள் எழுந்தன. மருதையன் அவற்றை ஓட்டிக்கொண்டு வரப்பேறிப் போனான். அந்த வயலில் அவன் பிறகு இறங்கவில்லை.

எங்கள் அறிக்கையை மேலிடம் பாராட்டியது. டாக்டருக்குப் பதவி உயர்வு. எனக்கு மாற்றல். செவ்வாய்க்கிழமைக் கணக்கு ஒன்றைத் தவிர, அறிக்கை முழுக்க உண்மை. விடுபட்டது ஒன்றே ஒன்றுதான். அன்று அந்த வயலில் ஊசி போடாமலேயே அடங்கி நின்ற பிராணிகள் மூன்று. ஒன்று தாசில்தார். ஒன்று டாக்டர். மூன்றாவது, ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு வீதம் சீராக விட்டுக்கொண்டிருந்தது.