குளிர்க்கிடங்கு உடுப்பும் எட்டு ஊசிகளும்

கணவன் சொல்லைக் கேட்டு நட என்று எனக்குப் புத்தி சொன்ன ஒருவர்கூட ஜனவரி மாதத்தில் சுவிசில் சைக்கிள் ஓடியவர் இல்லை. நானும் அந்தப் புத்தியைக் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரே ஒருநாள், சரி, இந்த மனிசன் சொல்கிறபடி செய்துதான் பார்ப்போமே என்று செய்தேன். அந்த ஒருநாளின் கதை இது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டீட்டிகோன் என்ற ஊரில் வயதானவர்களின் வீடு வீடாகப் போய், எழுப்பி, உடம்பு துடைத்து, மருந்து கொடுத்து, உடுப்பு மாட்டிவிட்டு வருகிற பராமரிப்பு வேலை. பத்து வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் ஊரார் துணியெல்லாம் மடித்த பிறகு, நாற்பத்தொரு வயதில் டொச் படித்து (ஜெர்மன் மொழிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்), சான்றிதழ் எடுத்துப் பிடித்த வேலை. முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம். அது முடிகிற வாரத்தில் மேற்பார்வையாளர் ஒரு காலை முழுவதும் கூடவே வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் நிரந்தர வேலை. இல்லையென்றால் திரும்பவும் சலவை அறை.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. அலுவலகம் தந்த மின்சார சைக்கிளில்தான் வீடுகளுக்குப் போய்வந்தேன். ஒக்டோபரிலும் நவம்பரிலும் ஒரு கரைச்சலும் இல்லை. டிசம்பரும் அந்த வருடம் அவ்வளவு குளிரவில்லை. மேற்பார்வையாளர் வருகிற நாளைக்கென்றே ஜனவரி ஒரு மைனஸ் ஏழு டிகிரியை எடுத்து வைத்திருந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் போனில் அதைப் பார்த்து வாய்விட்டு வாசித்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

என் கணவர் சிவம் அப்போது பதினொரு வருடமாக உறைந்த சாமான்கள் வைக்கும் கிடங்கில், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் எப்போதும் மைனஸ் இருபத்திரண்டு. ஆகவே எங்கள் வீட்டில் குளிரைப் பற்றிக் கதைக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். வேறு யாராவது குளிர்கிறது என்றால் ஒரு சிரிப்புச் சிரிப்பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மைனஸ் ஏழோ?" என்றார். "எங்கடை கிடங்கிலை அது கதவடி. நாங்கள் அதிலை நிண்டு தேத்தண்ணி குடிக்கிறனாங்கள்."

"நான் கிடங்குக்குப் போகேல்லையப்பா. சைக்கிளிலை போறன்."

"குளிர் எங்கை எண்டாலும் குளிர்தான். நாளைக்கு என்ரை பழைய சூட்டைப் போட்டுக்கொண்டு போம். ஒரு நூல் அளவு காத்து உள்ளை போகாது."

பதினாறு வயது மகள் ஆதிரா போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, மெல்லிசா ரெண்டு மூண்டு போட்டால் காணும். சைக்கிள் ஓடேக்கை தானாச் சுடும்."

"நீ எத்தினை வருஷம் கிடங்கிலை வேலை செய்தனி?" என்று தகப்பன் கேட்டார். அவள் திரும்பவும் போனுக்குள் போய்விட்டாள். பதினொரு வருட அனுபவமா, பதினாறு வயதா என்று பார்த்து, அனுபவத்தின் பக்கம் சாய்ந்தேன். (படித்த முட்டாள் என்று ஒரு வகை உண்டு. அதற்குச் சான்றிதழ் கேட்டால் என்னிடம் இருக்கிறது.)

காலை ஆறு மணிக்கு உடுத்தும் படலம் தொடங்கியது. வேலைச் சட்டைக்கு மேலே இரண்டு கம்பளிச் சுவெற்றர். என் உள்காற்சட்டைக்கு மேலே அவருடைய உள்காற்சட்டை. இரண்டு சோடி காலுறை, நடுவில் காற்றுப் புகாமல் கடைப் பை. கண் மட்டும் தெரிகிற தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே அந்த சூட்: கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக, மெத்தை மாதிரித் தைத்த நீல உடுப்பு. அவர் ஆறடி உயரம், அதற்கேற்ற வண்டி (வயிற்றைத்தான் சொல்கிறேன்). நான் ஐந்தடி ஒரு அங்குலம். அதற்குள் என்னையும் போட்டு என் தங்கையையும் போடலாம்.

"இது தொளதொள எண்டு கிடக்கப்பா."

"நில்லும்," என்று என் சாறி ஊசிப் பெட்டியை எடுத்துவந்தார். மிச்சத் துணியை முதுகுப் பக்கம் கொய்து, கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை எட்டு ஊசி குத்தினார். கல்யாண வீட்டில் பெண்ணுக்குச் சாறி உடுத்துகிறவர்கள்கூட அவ்வளவு சிரத்தை எடுப்பதில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு நீலப் பொதி என்னைப் பார்த்தது.

மேற்பார்வையாளர் ஃபிராவ் ஹூபர் (ஃபிராவ் என்றால் திருமதி) அலுவலக வாசலில் தன் சைக்கிளோடு நின்றார். மெல்லிய ஒரு ஜாக்கெட், கையுறை, காதை மூட ஒரு பட்டி, அவ்வளவுதான். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். இந்த நாட்டவர்கள் இப்படியான விஷயங்களை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நானாவது கேட்டிருக்க வேண்டும், அந்த ஜாக்கெட்டோடு எப்படி நிற்கிறீர்கள் என்று. பாவம், விறைக்கப் போகிறார் என்று பரிதாபப்பட்டேன்.

முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். கணவரை அன்போடு நினைத்தேன் (அடிக்கடி நடப்பதில்லை). லிம்மாத் ஆற்றுப் பாலத்தில் முதுகு ஈரமாவது தெரிந்தது. பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது, குளிரில் சோர்ந்துபோன பற்றரி நின்றுவிட்டது. இருபத்தைந்து கிலோ இரும்பை, கிடங்கு உடுப்போடு, மேட்டில் மிதித்தேன். சூட்டுக்குள் ஒரு நூல் அளவு காற்றும் போகாது என்று அவர் சொன்னது முழு உண்மை. உள்ளே இருந்து ஒரு நூல் அளவு வெளியேயும் வராது என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்க ஏன் வரும்? பதினொரு வருடமாக அவர் சீற்றில் இருந்தபடி வேலை செய்தவர். மிதிக்கிறது ஃபோர்க்லிஃப்ட்.

முன்னால் போன ஃபிராவ் ஹூபர் தலையைத் திருப்பித் திருப்பி மருந்து அளவுகளைக் கேட்டார். நான் மூச்சு வாங்கி வாங்கிப் பதில் சொன்னேன். மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்துவிட்டது. மேட்டின் உச்சியில் சிவப்பு விளக்கில் நின்றோம். நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், கொதித்த வியர்வை எல்லாம் பச்சைத் தண்ணீராகி முதுகில் இறங்கியது. வெந்து முடித்த கையோடு நடுங்கத் தொடங்கினேன்.

முதல் வீடு ஃபிராவ் மோசருடையது. எண்பத்தாறு வயது, கால் வீக்கம். கட்டிலை விட்டு எழும்பும் முன்பே அவருக்கு இறுக்கமான காலுறை போட்டுவிட வேண்டும். அதுதான் அந்த வீட்டின் முதல் விதி. வாசலில் ஃபிராவ் ஹூபருக்கு போன் வந்தது. என்னை முதலில் போகும்படி கை காட்டினார்.

அலுவலகம் தந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போய், நடையில் நின்று சூட்டின் சிப்பை இழுத்தேன். வயிறுவரை வந்தது. தோளைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. முதுகில் எட்டு ஊசி. சாறிக்குப் பின்பக்கம் ஊசி குத்தியவர்களுக்குத் தெரியும், குத்தியவரே வந்து கழற்றவேண்டும். குத்தியவரோ அந்நேரம் மைனஸ் இருபத்திரண்டில் சுகமாக இருந்தார். நான் திமிறியதில் குடை வைக்கும் சாடி விழுந்து உருண்டது. தொப்பியும் அரைவாசி திரும்பி வாயை அடைத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து, "யார் அது?" என்ற குரல். பிறகு காலடிச் சத்தம். ஃபிராவ் மோசர் வெறுங்காலோடு, ஊன்றுகோலை உயர்த்திப் பிடித்தபடி வந்து நின்றார்.

"இங்கே எடுத்துப்போக ஒன்றுமில்லை," என்றார் அமைதியாக. "தொலைக்காட்சியும் பழசு."

தொப்பியை இழுத்துவிட்டு, "நான்தான் ஃபிராவ் மோசர். காலுறை போட வந்திருக்கிறேன்," என்றேன்.

கிட்டே வந்து சுற்றிப் பார்த்தார். "உங்களை இதற்குள் யார் போட்டது?"

"என் கணவர்."

"ஏன், உங்கள்மீது கோபமா?"

சப்பாத்துப் போடுகிற முக்காலியில் என்னை இருத்தி, பின்னால் நின்று ஊசிகளைக் கழற்றத் தொடங்கினார். கழற்றியவற்றை உதட்டில் பிடித்துக்கொண்டார். ஆறாவது ஊசியில் ஃபிராவ் ஹூபர் உள்ளே வந்தார். பராமரிக்க வந்தவள் ராணி மாதிரி இருக்க, பராமரிக்கப்பட வேண்டியவர் வெறுங்காலோடு நின்று அவளுக்கு உடுப்புக் கழற்றுகிற காட்சியைக் கண்டார். என் மூன்று மாதமும் அந்த நடையிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

"காலுறை இல்லாமல் நீங்கள் நிற்கக்கூடாது," என்றார் ஃபிராவ் ஹூபர்.

ஃபிராவ் மோசர் ஊசிகளுக்கு இடையால் சொன்னார்: "இப்போது எனக்கு வேலை இருக்கிறது. இன்னும் இரண்டு மிச்சம்."

சூட்டும் சுவெற்றர்களும் கழன்றபோது என்னிலிருந்து ஆவி கிளம்பியது. வேலைச் சட்டை பிழியலாம். அதோடு ஒருவரைத் தொட முடியாது. ஃபிராவ் மோசர் தன் ரோசாப்பூப் போட்ட வீட்டு அங்கியைக் கொடுத்தார். அவரைத் திரும்பக் கட்டிலில் கிடத்தி, கால் வீக்கம் இறங்கும்வரை உயர்த்தி வைத்துவிட்டு, ரோசாப்பூவோடு பக்கத்தில் நின்று, பிறகு காலுறையைப் போட்டுவிட்டேன். ஃபிராவ் ஹூபர் அவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு காலுறைக்கு இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று வெட்கத்திலும் எரிச்சல் வந்தது.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "சைக்கிளில் புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் உடுப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். தோலோடு மெல்லிய கம்பளி, மேலே காற்றுத் தடுக்கிற ஒன்று. கையையும் காதையும் மட்டும் நன்றாக மூடுங்கள்." என் மகள் இதையே இரண்டு வரியில் சொல்லியிருந்தாள். மிச்ச வீடுகளுக்கு ஃபிராவ் மோசரின் சுவெற்றரோடும் ஃபிராவ் ஹூபரின் மேலதிக ஜாக்கெட்டோடும் போனேன். சூட்டைப் பின்னால் கட்டியிருந்தேன். யாரோ ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் தெருவில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தின கத்தில் மேல்மாடிக்காரர் குனிந்து பார்த்தார். என் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீர் வேகமா ஓடியிருப்பீர்."

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஃபிராவ் ஹூபர் அறிக்கையை வாசித்தார். நாற்பது நிமிடத் தாமதம். நோயாளி காலுறையின்றி நடமாடினார். பணியாளரின் உடை நனைந்திருந்தது. நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், எழும்பிப் போக வசதியாக.

"வழக்கப்படி நோயாளியிடமும் போனில் கேட்டோம்," என்று தாளைத் திருப்பினார். ஃபிராவ் மோசர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருந்தார்: "எட்டு வருடமாக ஆட்கள் வந்து எனக்கு மாட்டிவிடுகிறார்கள், கழற்றிவிடுகிறார்கள். என் உதவி தேவைப்பட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். இவரை மாற்றினால் நான் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவேன்."

அதற்குக் கீழே தன் கையெழுத்தை வைத்து, நிரந்தர வேலைப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த அழுகையோடு வீட்டுக்குப் போய், முட்டாள்தனமாக, எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன்.

ஆறு வருடமாகிறது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி வைக்கும் முன்பே என் கணவர் தொடங்கிவிடுவார்: "இவவுக்கு அந்த வேலை கிடைச்சது என்ரை சூட்டாலைதான், தெரியுமோ?" ஆதிரா சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் ஓடுவாள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், உண்மையோ என்று. இல்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கிறேன். ஓம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.