ரெண்டாம் பாகம் அளவுக்கு இல்ல

"கருங்கோட்டை மூணு பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று மேலாளர் கேட்டபோது, நல்லவேளையாகப் புள்ளியின் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. மென்று முடிக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனமட்டும் மென்றான்.

அது மருந்துப் பெட்டிகளை அச்சடிக்கும் கம்பெனி. பெட்டியில் பொடி எழுத்தில் வரும் அளவு, எச்சரிக்கை, காலாவதித் தேதி எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது அவன் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு மாத்திரைப் பெட்டியில் தசமப் புள்ளி விட்டுப் போனதைக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் புள்ளிதான்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வெள்ளிக்கிழமையோடு தகுதிகாண் காலம் முடிகிறது. நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதர்தான் இப்போது எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். புள்ளிக்குக் கருங்கோட்டை தெரியாது. சுற்றி நடந்த பேச்சிலிருந்து அது ஒரு வீடியோ கேம் என்றும், மூன்று என்பது பாகம் என்றும் ஊகித்தான். மூன்று இருந்தால் இரண்டும் இருந்திருக்கும்.

"ரெண்டாம் பாகம் அளவுக்கு இல்ல சார்" என்றான்.

மேலாளர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"கேட்டீங்களா மேடம்? இதத்தான் நான் மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன். விஷயம் தெரிஞ்ச ஆள் நம்ம பக்கத்துலயே உக்காந்திருக்காரு, வாயே திறக்கல."

கணக்குப் பிரிவு மேடம் அவனை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இவரா? இவரு பென்சில்கூட அதிர்ந்து சீவ மாட்டாரே."

"அமைதியா இருக்கறவங்கதான் ஆபத்தான ஆட்டக்காரங்க" என்றார் மேலாளர். "நாளைக்கு விரிவாப் பேசுவோம் புள்ளி."

நாளைக்கு. விரிவாக.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அக்கா பிசியோதெரபிஸ்ட். யார் எதைச் சொன்னாலும் முதலில் அவர்கள் தோள்பட்டையைத்தான் பார்ப்பாள்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம். ஆனா தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னேன்னு இப்ப எப்படிச் சொல்றது?"

"ஒண்ணு பண்ணு. இதப் பத்தி ஆன்லைன்ல எவனாவது உக்காந்து கத்திட்டிருப்பான். அவன் சொல்றத நீ மெதுவா சொல்லிடு. தோளக் கொஞ்சம் இறக்கு, காதுகிட்ட இருக்கு."

அப்படி ஒருவன் இருந்தான். கத்தரி என்று பெயர் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு கேமைத் துண்டு துண்டாக வெட்டுவான். புள்ளி அவனுடைய பேச்சைக் கேட்டான், திரும்பக் கேட்டான், பல் தேய்க்கும்போதும் கேட்டான். மறுநாள் மேலாளர் ஆரம்பிப்பதற்குள் தானே ஆரம்பித்துவிட்டான்.

"இப்ப வர்ற கேம் எல்லாம் பாதி கட்டின வீடு சார். குடிவந்ததுக்கு அப்புறம்தான்..."

"...கூரையே போடறான்" என்று முடித்தார் மேலாளர். "அதையும் அப்டேட்டுன்னு சொல்லி..."

"...நம்ம தலைமேலயே இறக்கறான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன அனுபவம் இருந்தால் இப்படி அச்சு அசலாக ஒரே வார்த்தை வரும் என்று புள்ளிக்குப் பிரமிப்பாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு சின்னக் கேள்வியில் தன்னைப் பிடித்துவிடுவார்.

அந்தக் கேள்வி மேடத்திடமிருந்து வந்தது.

"தம்பி, நீங்க எந்த நேரத்துல விளையாடுவீங்க? வேலையே சரியா இருக்குமே."

"இப்ப விளையாடறதில்ல மேடம். நிறுத்திட்டேன். பெரிய கம்பெனிங்க பழைய கேமையே சாயம் பூசித் திரும்ப விக்கறாங்க. அத எதிர்த்து..." குரல் உள்ளே போனது. "ஒரு கொள்கையா."

"நானும்தான்" என்றார் மேலாளர் சட்டென்று. "நானும் அதே கொள்கைதான்."

"அப்ப ரெண்டு பேரும் கொள்கைக்கு ஒரு நாள் லீவு குடுங்க" என்றார் மேடம். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊழியர் கூட்டம் இருக்கு. போன வருஷம் பலூன் ஊதினோம், யாருக்கும் பிடிக்கல. இந்த வருஷம் நீங்க ரெண்டு பேரும் கருங்கோட்டை ஆடிக் காட்டுங்க. பேசிப் பேசியே எங்க காதுல ரத்தம் வர வெச்சிட்டீங்க, ஒரு தடவ கண்ணாலயாவது பாக்கறோம். செட்ட நான் வாடகைக்கு எடுத்துடறேன்."

மேலாளர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"ஆடலாமே" என்றார்.

அவர் அமைதியைப் புள்ளி கவனித்தான். தன்னை எப்படி அடிப்பது என்று இப்போதே கணக்குப் போடுகிறார்.

அன்று மாலையே கடைத்தெருவில் இருந்த கேம் கடைக்குப் போனான். கடைக்காரர் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, "அரைமணி நேரம் சார்" என்றார். திரையில் நிபந்தனைகள் வந்தன. 'படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்று கீழே ஒரு கட்டம்.

படிக்காமல் ஒப்புக்கொள்வது புள்ளிக்குக் கைவராத காரியம். படித்தான். ஐந்தாவது பத்தியில் ஒரு கால்புள்ளி தப்பாக இருந்தது. ஏழாவது பத்தி இரண்டாவதோடு முரண்பட்டது. சந்தேகம் வந்து முதலிலிருந்து மறுபடி படித்தான்.

"சார், நேரம் முடிஞ்சது" என்றார் கடைக்காரர். "இன்னும் ஒப்புக்கலயா?"

"பன்னிரண்டாவது பத்தியில பிழை இருக்குங்க."

"இத்தன வருஷத்துல அதப் படிச்ச முதல் ஆள் நீங்கதான்."

இனி ஒரே வழிதான். வியாழக்கிழமை காலையில் வலது கட்டைவிரலில் பெரிய கட்டோடு வேலைக்குப் போனான். கட்டுப் போட்டது அக்கா. "பொய்யா இருந்தாலும் சுத்தமா இருக்கணும்" என்று இரண்டு சுற்றுக் கூடுதலாகவே சுற்றியிருந்தாள்.

"பெட்டி அட்டை கிழிச்சிடுச்சு சார். நாளைக்கு முடியாதுன்னு நினைக்கறேன்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "அடடா. உடம்பு முக்கியம். நிறுத்திடலாம்."

"நிறுத்தறதா?" என்றார் மேடம் உள்ளே நுழைந்தபடியே. "முன்பணம் குடுத்தாச்சு. நாற்பது பேர்கிட்ட சொல்லியாச்சு. மெஷின் ஆட்கள் ஷிப்ட் மாத்திட்டு வர்றாங்க. கட்டோடவே ஆடட்டும். ஆம்பளைங்களுக்கு ஒரு விரல்னா உலகமே நின்னுடும்."

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளரும் வலது கட்டைவிரலில் கட்டோடு வந்தார்.

"ஆட்டம்னா சமமா இருக்கணும். அதான்" என்றார்.

இவ்வளவு நேர்மையான மனிதரையா ஏமாற்றுகிறோம் என்று புள்ளி தன்னையே நொந்துகொண்டான். அவன் அன்று பார்த்த ஒவ்வொரு பெட்டியையும் இரண்டிரண்டு முறை பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அவன் மட்டும்தான் பிழை.

மாலையில் கூட்ட அறையின் சுவரில் பெரிய திரை ஏறியிருந்தது. மேலாளரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பு. அதற்குள் தன் ஆணை இருப்பது புள்ளிக்குத் தெரியும். கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தார். கேம் கடைக்காரர்.

"அட, சார்" என்றார் அவர். "பன்னிரண்டாவது..."

"உஷ்" என்றான் புள்ளி. "தயவுசெஞ்சு."

"நான் ஏன் சொல்லப் போறேன்" என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். இரண்டு கன்ட்ரோலர்களை மேஜைமேல் வைத்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு சாமான் எடுத்துவர வேண்டும் என்று கீழே போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் திரையில் இடி இடித்தது. கோட்டை எழுந்தது. சிவப்புக் கவசம் ஒன்றும் நீலக் கவசம் ஒன்றும் வாளை உருவின.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றார் மேடம். "எடுங்க, எடுங்க."

மேலாளர் ஒன்றை எடுத்தார். "சிவப்பு நான். நீலம் நீங்க."

புள்ளி கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தினான். நீல வீரன் மதிலில் பாய்ந்து ஏறி, காற்றில் சுழன்று, சிவப்பு வீரனின் தோளில் வெட்டினான். மெஷின் ஆட்கள் மேஜையைத் தட்டினார்கள்.

"கட்டைவிரல் இல்லாமலே இந்த ஆட்டமா" என்றார் ஒருவர்.

புள்ளி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். இப்படி ஒரு திறமை தன்னிடம் இருந்ததா? அடுத்த வெட்டில் சிவப்பு வீரன் படியில் உருண்டபோதுதான் விபரீதம் உறைத்தது. நாற்பது பேர் முன்னால், தன் ஆணையில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதரையே அடித்துக்கொண்டிருக்கிறான்.

தோற்க வேண்டும். உடனே. ஒரே பொத்தானை மட்டும் அசட்டுத்தனமாக அழுத்தினான். நீல வீரன் முன்னைவிட மூர்க்கமாகப் பாய்ந்தான். வேறு பொத்தானுக்கு மாறினான். வாளில் தீப்பிடித்தது. வெல்லத் தெரியாதவனுக்குத் தோற்கவும் தெரியவில்லை.

"நான் வேணும்னேதான் பின்வாங்கறேன்" என்று அறிவித்தார் மேலாளர். அவர் நெற்றியில் வியர்வை. "இது ஒரு உத்தி. உள்ள இழுத்து அடிக்கறது."

"சார், உங்க ஆள் பாலத்துலருந்து தொங்கறாரு" என்றார் மேடம்.

"அதுவும் உத்திதான்."

சிவப்பு வீரன் பாலத்திலிருந்து விழுந்தான். கோட்டை இடிந்தது. புழுதி அடங்கியதும் நீல வீரன் தனியாக நின்றான்.

கைதட்டல் அடங்கியது. எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். புள்ளி கோப்பைப் பார்த்தான். வேலை போச்சு என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்தான். அதில் ஒரு பிழை இருந்தது. திருத்தினான்.

மேலாளர் கன்ட்ரோலரை மடியில் வைத்தார். கட்டுப் போட்ட விரலால் நெற்றியைத் துடைத்தார்.

"நானும் எத்தனையோ பேரோட ஆடியிருக்கேன்" என்றார். "இப்படி ஒரு ஆட்டத்தப் பாத்ததில்ல. அந்தக் கடைசிப் பாய்ச்சல் இருக்கே, அது எனக்கே வராது. என்ன, ரெண்டாம் பாகம் அளவுக்கு இல்ல." கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "இந்த மாதிரி ஆளப் போய் நான் விடுவேனா?"

பேனா தாளில் பட்டது. பெயரின் முதல் எழுத்தை அவர் போட்டபோது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கடைக்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், லிஃப்ட் ஓடல. இவ்வளவு நேரம் விளம்பரப் படத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க, போரடிச்சிருக்கும். அந்தக் கன்ட்ரோலருங்களக் குடுங்க, ரெண்டுலயும் பேட்டரி போட்டுடறேன்."